படகு டாய்லெட்டுக்கு ஒரு சட்டம்: குட்டி வரலாறு

1/ உல்லாசப் படகுல டாய்லெட் போனா அது எங்க போகும்னு யோசிச்சிருக்கீங்களா? ரொம்ப காலம் நேரா தண்ணிக்குள்ளதான். அமெரிக்கா அதைக் கட்டுப்படுத்திய கதை இது. நோய்த்தடுப்புக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. பொறுமையா படிங்க.

2/ "அவ்ளோ பெரிய கடல்ல நாலு படகு என்ன பண்ணிடும்?" நியாயமான கேள்வி. ஆனா இந்தப் படகுகள் நடுக்கடலில் நிற்பதில்லை. அலை குறைந்த, ஆழமில்லாத விரிகுடாக்களில் கூட்டமாக நிற்கும். மக்கள் குளிப்பதும் ஆய்ஸ்டர் சிப்பி வளர்வதும் அதே மாதிரி இடங்களில்தான்.

3/ சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் இரை எடுக்கும். தண்ணியில இருக்கற கிருமி அதன் உடம்பில் சேரும். பச்சையா சாப்பிட்டா நம்ம வயித்துக்கு வரும். 1924-25 குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் இப்படித்தான் டைபாய்டு பரவியது. சுமார் 1,500 பேருக்கு நோய், 150 மரணம். அது படகால வந்ததுன்னு சொல்லல. மலம், தண்ணீர், சிப்பி, வயிறு: பாதை ஒண்ணுதான்.

4/ 1972. சுத்தமான நீர்ச் சட்டம், பிரிவு 312. டாய்லெட் பொருத்திய படகு, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் கழிவை அப்படியே விடக்கூடாது. கிருமியைக் குறைக்கும் கருவி வேணும், இல்லன்னா சேமிப்புத் தொட்டி வேணும். தரத்தை வகுப்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கருவிக்குச் சான்று தருவது கடலோரக் காவல்படை.

5/ முதல் வகைக் கருவிக்கு வரம்பு: 100 மி.லி.யில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா 1,000-ஐத் தாண்டக் கூடாது. திடக்கழிவு மிதக்கக் கூடாது. இதுவும் போதாத இடங்களில், சுத்திகரித்த கழிவைக்கூட விட முடியாதபடி மாநிலங்கள் முழுத் தடை கேட்கலாம். ஆனா ஒரு நிபந்தனை: தொட்டியைக் காலி செய்ய கரையில் போதிய வசதி இருக்கணும்.

6/ சிக்கலே அங்கதான். தொட்டி நிறைஞ்சுது, கரையில பம்ப் இல்ல. என்ன செய்வாங்க? இருட்டுல வால்வைத் திறந்து விடத்தான் தோணும். பம்ப் நிலையங்கள் போதவில்லை என்று 1992-ல் வந்த சுத்தமான படகுச் சட்டமே எழுதி வைத்தது. அவற்றை அமைக்க 75% வரை மத்திய அரசு மானியம். பணம் எங்கிருந்து? மீன்பிடி சாமான், படகு எரிபொருள் மீதான வரியிலிருந்து. அதாவது, பெரும்பாலும் படகுக்காரங்க கட்டின காசு.

7/ அதற்குப் பிறகு 1998-ல் ரோட் ஐலண்ட் தன் கடற்பகுதி முழுவதிலும் தடை கொண்டுவந்தது. 2018-ல் மேற்குக் கரையின் பியூஜெட் சவுண்ட் பகுதியிலும் தடை வந்தது.

8/ 'இங்கே அசுத்தம் செய்யாதீர்'னு போர்டு வைக்கறது ரொம்ப சுலபம். பக்கத்துலயே தண்ணி வர்ற ஒரு கழிப்பறை கட்டறதுதான் செலவு. படகுக்கும் அதே கணக்குதான். அடுத்த முறை உங்க ஊர்ல ஒரு தடை போர்டைப் பார்த்தா, "சரி, அப்போ எங்க போகணும்?"னு கேளுங்க. பதில் இருந்தாதான் அந்தத் தடை நிக்கும்.