கம்போங் கிளிங் பள்ளிவாசல் மினாரா

கம்போங் கிளிங் பள்ளிவாசல் மினாரா, மலேசியாவின் மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் நிற்கும் சீனப் பாணிக் கோபுரம். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்காக எழுப்பப்பட்டது.

வரலாறு

மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அந்நகரில் செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்ச்சுக்கீசியர், அங்கிருந்த பழைய பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1641இல் ஆட்சிக்கு வந்த டச்சுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பிற சமயங்களுக்கு இடமளித்தனர். 1728இல் கம்போங் ஹுலு பள்ளிவாசலும், 1748இல் மரத்தாலான கம்போங் கிளிங் பள்ளிவாசலும் எழுந்தன. பின்னது 1872இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது.

அமைப்பு

வழக்கமான மினாராவின் உருளை வடிவமோ குமிழ் மாடமோ இதற்கு இல்லை. வெண்ணிறச் சதுரக் கோபுரம் அடுக்கடுக்காக உயர்கிறது. பள்ளிவாசலிலும் குவிமாடம் இல்லை. சுமத்ரா பாணியிலான மூன்றடுக்குக் கூம்புக் கூரையே உள்ளது. உள்ளே ஐரோப்பியப் பாணித் தூண்களும் பளபளக்கும் ஓடுகளும் விக்டோரியா காலச் சரவிளக்கும் உண்டு. மரத்தாலான பிரசங்க மேடையான மிம்பரில் இந்து, சீனச் சாயலுள்ள செதுக்கல்கள் காணப்படுகின்றன.

சுற்றுப்புறம்

இதே தெருவில், தமிழ் வம்சாவளி இந்துக்களான மலாக்கா செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் டச்சுக்காரர் அளித்த நிலத்தில் கட்டப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் அருகிலேயே உள்ளது.

ஒத்த கோபுரங்கள்

மலாக்காவின் தெங்கேரா பள்ளிவாசல் மினாராவும் இதே சாயலுடையது. தமிழகக் கரையில் சீனக் கோபுரம் என்று அழைக்கப்பட்ட நாகப்பட்டினத்துப் பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. லண்டன் கியூ பூங்காவில் வில்லியம் சேம்பர்ஸ் 1762இல் முடித்த பத்தடுக்குச் சீனக் கோபுரம் அரச குடும்பத்தின் தோட்டத்துக்கு அழகாக அமைந்தது. மலாக்கா மினாராவோ வழிபாட்டுக்குப் பயன்படுவது.

முக்கியத்துவம்

மலாக்கா நகரம் 2008இல் ஜார்ஜ் டவுனுடன் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் நிலைத்திருப்பது அந்தச் சிறப்புக்கு முக்கியச் சான்று. கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் தம் தொழுகையை விடாமல் காத்தபடியே, அண்டை வீட்டாரின் கட்டடக்கலையைத் தயக்கமின்றித் தமதாக்கிக்கொண்டார்கள். மலேசியத் தமிழர் வரலாற்றைத் தோட்டத் தொழிலாளர் காலத்திலிருந்து மட்டும் தொடங்குவோருக்கு, அந்த வரலாறு தோட்டங்களுக்கும் முற்பட்டது என்பதை இந்தப் பள்ளிவாசல் உறுதிப்படுத்துகிறது.