வில்லும் ஒரு வரலாற்று ஆவணமே: பெரார்கஞ்ச் காட்டோரக் குறிப்புகள்

1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த ஃபெரார் என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்குவது நமது பெரார்கஞ்ச். இங்கிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில் ஜிர்காடாங் சாவடியைத் தாண்டினால் ஜாரவா மக்களின் காடு. "இருட்டினா அந்தப் பக்கம் போகாதே, அம்பு வரும்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த ஊர்கள் இவை. அந்த அம்பை எய்த வில்லைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம்? பயந்தோமே தவிர, பார்த்தோமில்லை.

வில்லின் கதை மரத்தில் தொடங்குகிறது. இத்தீவுகளில் 'சூயி' என்று ஒரு மரம் உண்டு. ஆங்கிலேயர் இதை 'அந்தமான் வில்மரம்' என்றே எழுதினார்கள். சீதாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. உறுதியும் வேண்டும், வளைந்து நிமிரவும் வேண்டும் என்ற இரண்டு குணமும் ஒன்றாய் அமைந்த கட்டை. நம் தமிழிலும் 'சிலை' என்ற சொல்லுக்கு வில் என்றும், ஒருவகை மரம் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. (உடனே இவர்களும் நாமும் ஒரே இனம் என்று யாரும் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம்! மரத்தை அறிந்து வில் செய்தவர்கள் உலகில் பல இடங்களில் உண்டு.)

செய்முறையை விரிவாக எழுதி வைத்தவர், போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த இ. எச். மேன். 1883 வாக்கில் அச்சான அவருடைய குறிப்புகள் கிரேட் அந்தமானியரைப் பற்றியவை. கட்டையை முதலில் வாய்ச்சியால் செதுக்கி உருவம் கொண்டு வருவார்கள். பிறகு இழைப்பது எதனால் தெரியுமா? காட்டுப்பன்றியின் கோரைப்பல்லால்! நம் ஆசாரி இழைப்புளி பிடிப்பதுபோல அந்தப் பல்லைப் பிடித்து மெல்ல மெல்லச் சீவுவார்கள். எந்தப் பன்றியை வேட்டையாட வில் வேண்டுமோ, அதன் பல்லே வில்லுக்குக் கருவி. கொடியின் நாரை முறுக்கிக் கருப்பு மெழுகு பூசினால் நாண் தயார்.

அம்புக்கு இறகு கட்டுவதில்லை, நஞ்சும் தோய்ப்பதில்லை. பன்றி அம்பின் முனை தனியாகக் கழன்றுவிடும். ஆனால் கயிற்றால் தண்டோடு இணைந்திருக்கும். அடிபட்ட பன்றி ஓடும்போது, பின்னால் இழுபடும் தண்டு புதரில் மாட்டிக்கொள்ளும். வேட்டைக்காரன் ஓடிக் களைக்க வேண்டியதில்லை.

தலைப்பில் ஆவணம் என்று சொன்னதற்கு வருகிறேன். கிரேட் அந்தமானியர் வில், துடுப்புபோல் அகன்ற இரு கைகளும் நடுவே ஒடுங்கிய பிடியும் கொண்டு 'எஸ்' வடிவில் வளைந்திருக்கும். ஜாரவா வில் அப்படியில்லை, எளிமையான வடிவம். ஆனால் தெற்கே கடல் தாண்டி, லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்களின் வில்லோடு அது ஒத்துப்போகிறது. 1906-08-இல் இங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுன், 1922-இல் வெளியான தம் நூலில் இதுபோன்ற பொருள்களை ஒப்பிட்டே, ஜாரவாக்களும் ஓங்கேக்களும் ஒரே கிளை என்று எழுதினார். பின்னர் மொழியாய்வும் அதையே உறுதிசெய்தது. கல்வெட்டோ ஓலையோ இல்லாத மக்களுக்கு வில்லே சாட்சி சொல்லியிருக்கிறது.

1859 மே மாதம் அபர்தீன் சண்டையில் ஆங்கிலேயரின் துப்பாக்கியை எதிர்த்து நின்றதும் அந்தமானியரின் வில்லும் அம்பும்தான். தப்பிச்சென்று அவர்களோடு வாழ்ந்த கைதி தூத்நாத் திவாரி முன்கூட்டியே வந்து தகவல் சொல்லாவிட்டால், அன்றைய கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

இரும்பு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இத்தீவு மக்கள் இரும்பை உருக்கியவர்கள் அல்லர். கரை ஒதுங்கிய உடைந்த கப்பல்களில் கிடைத்ததைக் கல்லால் தட்டி முனையாக்கினார்கள். குடியேற்றங்கள் பெருகிய பின், ஜாரவாக்கள் இரவில் வந்து பாத்திரங்களை எடுத்துப் போனதும் இதற்காகத்தான். "சட்டி பானையெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்று குறைபட்ட நாம், அவர்களுடைய காட்டைத் திருத்தித்தான் வயலும் தோட்டமும் போட்டோம் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இரு பக்கமும் உயிர்கள் போயின. 1997 அக்டோபரில்தான் அவர்கள் நடு அந்தமானில் வில்லில்லாமல் பகல் வெளிச்சத்தில் நம்மிடம் வந்தார்கள்.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், "ஒரு ஜாரவா வில் கிடைக்குமா, வீட்டில் மாட்டலாமே" என்று கேட்கிறார்கள். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், அதைக் கடுமையாக்கிய 2012 திருத்தமும் அவர்களை நாடிப் போவதையே குற்றமாக்கியிருக்கின்றன. விருந்தினரை, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். துடுப்புக் கை எது, எளிய வில் எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.