கொழும்பில் சிசு இழப்பும் துக்கத்தின் எல்லைக்கோடுகளும்

இலங்கையில் 1935ஆம் ஆண்டு உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கிய காலம் அது. 1946இல் அந்த எண் 141 ஆனது, 1950இல் 82. இன்று பத்துக்கும் கீழே நிற்கிறது. பொதுச் சுகாதார வரலாறு எழுதுவோர் இந்த வீழ்ச்சியைப் பெருமையோடு எடுத்துச் சொல்வார்கள், பெருமைப்படத்தக்கதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் அந்தத் துயரை எப்படிக் கடந்தன என்பது மட்டும் அந்த வரலாற்றுக்கு வெளியே நின்றுவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைத் தாண்டி வத்தளை வரை சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். அந்தத் தமிழ் பேசும் சூழலை மனத்தில் கொண்டு இக்கட்டுரை அவ்வெற்றிடத்தை ஆராய்கிறது. எந்த இழப்புக்கு அழலாம், எதற்குக் கூடாது என்பதை இங்கே மதமும் சட்டமும் வைத்தியசாலையும் வெவ்வேறு கோடுகளால் வகுத்தன. மரணம் அருகியபோது அந்தக் கோடுகள் அழியவில்லை. அவற்றுக்கு அப்பால் நின்றவர்களின் தனிமைதான் கூடியது.

சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் கொழும்பில் மகப்பேற்று விடுதி திறக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான பேறுகள் வீட்டிலேயே நடந்தன. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, பயிற்சி பெற்ற மருத்துவிச்சியை வீட்டு வாசலுக்கு அனுப்பும் முறையை நாட்டுக்குக் காட்டியது. காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 1950இல் வந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் வைத்தியசாலையில்தான். இந்த இடமாற்றம் உயிர்களைக் காத்தது. அதனுடன் இன்னொன்றும் நடந்தது. வீட்டில் பிறந்து இறந்த பிள்ளையைக் குளிப்பாட்டித் துணி சுற்றிக் கொடுத்தவர்கள் அம்மம்மாவும் அயலட்டைப் பெண்களும். வைத்தியசாலையில் அந்தப் பொறுப்பு கையொப்பமிடும் ஆண்களிடம் போனது. தாய் கட்டிலில் கிடக்க, தகப்பனோ மாமனோ உடலைப் பொறுப்பேற்று நேரே மயானத்துக்குக் கொண்டுபோவார்கள். முகத்தைப் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று சொல்லி அவளிடம் காட்டாமலே விடுவதும் உண்டு.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. "பெத்தது எட்டு, தங்கினது அஞ்சு" என்று கிழவிகள் கணக்குச் சொன்ன தெருவில் தங்காத மூன்றும் எண்ணிக்கையில் இருந்தன. அவ்வளவுதான். அந்த மூன்றுக்காக அழ அவர்களுக்கு நேரமும் அனுமதியும் இருந்தன என்று கொள்ள ஆதாரமில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியும் அதே துயரைக் கண்டவளாக இருந்தாள். இன்று தொடர்மாடி ஒன்றில் பிள்ளையை இழந்த பெண்ணுக்குத் தன்னைப் போல் இன்னொருத்தியைக் காண்பது அரிது.

இனிக் கோடுகளுக்கு வருவோம். தர்மசாத்திர மரபில் இரண்டு வயது நிறையாத குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள், நீர்க்கடன் இல்லை. கருச்சிதைவுக்கு, கர்ப்பம் எத்தனை மாதமோ அத்தனை இரவு தாய்க்குத் தீட்டு என்கிறது மனு நூல். சைவ வீடுகளில் துடக்குக் காக்கிறார்கள். சின்னஞ்சிறு சிசுவுக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று விரிவாகச் செய்வது வழக்கமில்லை. பெரியவர் இறந்தால் 31 நாளும் வீடு நிறைய ஆட்கள். சாப்பிள்ளை பிறந்த வீட்டில் மறுநாளே கதவு சாத்தியிருக்கும். இதற்கு மாறான ஒரு பழஞ்செய்தியைச் சேரமான் கணைக்கால் இரும்பொறை பெயரில் உள்ள புறநானூற்று 74ஆம் பாடல் தருகிறது. இறந்து பிறந்த சிசுவையும் உருவமில்லாத பிண்டத்தையும்கூட மனிதக் கணக்கிலிருந்து தள்ளாமல், வீரனுக்குரிய வாள் சடங்கை அவற்றுக்கும் செய்த வழக்கத்தை அது சொல்கிறது. தாயின் துயரம் அதில் பேசப்படவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கத்தோலிக்கருக்குக் கோடு ஞானஸ்நானம். ஞானஸ்நானம் பெறாமல் இறந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மறுத்தது. அதே சட்டம், அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை மருத்துவிச்சிகள் சரியாக அறிந்திருக்கும்படி பங்குக் குருவானவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளை மூச்சுவிட்ட சில கணங்களில் மருத்துவிச்சி அதன் தலையில் தண்ணீர் ஊற்றினாளா என்பதைப் பொறுத்துக் கல்லறையின் இடம் மாறியது. தாதித் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பாரத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1969இல் வெளியான அடக்கச் சடங்கு நூல், ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைகளுக்கும் வழி திறந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஆயரின் அனுமதியோடு அதை உறுதிசெய்தது. அத்தகைய குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007இல்தான் எழுதியது. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கோடு நான்கு மாதம். அதைக் கடந்த கருவைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவார்கள். உயிரின் அடையாளம் தெரிந்திருந்தால் ஜனாஸாத் தொழுகையும் உண்டு.

அரசின் கோடு 28 வாரம். 1951ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், கர்ப்பத்தின் 28ஆவது வாரத்துக்குப் பின் உயிரின் அறிகுறி ஏதுமின்றி வெளிவரும் சிசுவையே இறந்து பிறந்த பிள்ளை என்று வரையறுத்தது. அந்தப் பதிவும் பிரகடனப்படுத்தப்பட்ட நகரங்களுக்கே கட்டாயம். 28 என்பது பிரித்தானியச் சட்டத்திலிருந்து வந்த எண். பிரித்தானியா 1992இல் அதை 24 ஆகக் குறைத்தது. 2024 பெப்ரவரியிலிருந்து 24 வாரத்துக்கு முந்திய இழப்புக்கும், பெற்றோர் கேட்டால், இங்கிலாந்தில் ஒரு சான்றிதழ் வழங்கப்படுகிறது. அந்த மாற்றத்தின் பின்னால் பெற்றோர் இயக்கம் ஒன்று இருந்தது. தனக்கு இறந்து பிறந்த பிள்ளையைப் பற்றிப் பத்திரிகையாளர் பெல் மூனி 1976இல் எழுதிய கட்டுரை பலரைப் பேச வைத்தது. 1978இல் உருவான சங்கமே இன்றைய ‘சாண்ட்ஸ்’. அக்காலத்தில் அங்கேயும் பிள்ளையைத் தாய்க்குக் காட்டாமல் வைத்தியசாலையே அடக்கம் செய்துவந்தது. அமெரிக்காவில் 1988இல் ஜனாதிபதி ரீகன் ஒக்டோபரை இவ்விழப்புக்குரிய மாதமாக அறிவித்தார். ஒக்டோபர் 15ஆம் நாள் 2002 முதல் நினைவுகூரப்படுகிறது.

கொழும்பில் 1974 முதல் சுமித்ரயோ என்ற தொண்டமைப்பு மனம் உடைந்தவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு வருகிறது. அது எல்லாத் துயருக்கும் பொதுவான இடம். அரசுத் துறையில் நடந்ததெல்லாம் கணக்கின் பக்கம்தான். 1968இல் தொடங்கிய குடும்ப சுகாதாரப் பணியகத்தின் கீழ், பிள்ளை ஏன் இறந்தது என்று ஆராயும் முறை வைத்தியசாலைகளில் வளர்ந்தது. காரணத்தைக் கண்டறியும் அந்த ஏற்பாடு அவசியமானது. தாயிடம் அதைச் சொல்லும் ஏற்பாடு அதே அளவு வளர்ந்திருந்தால் இக்கட்டுரை வேறுவிதமாக அமைந்திருக்கும். எனது கணிப்பில், இருக்கும் அமைப்புகளில் குடும்பநல மாதுவே துயருற்ற வீட்டுக்கு மிக அருகில் நிற்பவர். பேற்றுக்குப் பின் வீடு தேடிப் போவது அவர் கடமை. பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அந்தக் காலடி போக வேண்டும்.

சட்டம் இன்னொரு இடத்திலும் கனக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பிழைக்கவே முடியாத குறைபாடுள்ள கருவுக்கு விலக்களிக்கும் யோசனை 2017இல் வந்தது. மதத் தலைவர்களின் எதிர்ப்பில் நின்றுபோனது. பிள்ளை தங்காது என்று அறிந்துகொண்டே மாதக்கணக்கில் சுமக்கும் தாய்க்கு, அந்த மாதங்களுக்கான துணை எது என்று அன்றைய விவாதத்தில் இரு தரப்பும் போதிய அளவு கேட்கவில்லை.

சிசு ஒன்றின் இறப்பு இந்த நகரத்தின் பொதுத் துக்கமானது 2020 டிசம்பரில். கொவிட் தொற்றில் இறந்ததாகச் சொல்லப்பட்ட 20 நாள் முஸ்லிம் குழந்தையின் உடல், பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பொரளைக் கனத்தையில் எரிக்கப்பட்டது. மயானத்தின் இரும்பு வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். பல மதத்தவரும் வந்தார்கள். இரவோடிரவாகத் துணிகள் அகற்றப்பட்டன. கொவிட் மரணங்களுக்கான கட்டாயத் தகனம் 2021 பெப்ரவரியில் கைவிடப்பட்டது; மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. அமைச்சரவை 2024 ஜூலையில் அந்தத் தகனங்களுக்காக மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. ஆயினும் அந்த எழுச்சியை இழப்பு விழிப்புணர்வின் தொடக்கம் என்று வாசிப்பது அவசரம். மக்கள் எதிர்த்தது மத உரிமை மீறலை. அதே வாரத்தில் அதே நகரத்தில் இறந்து பிறந்த பிள்ளைகளுக்காக யாரும் துணி கட்டவில்லை.

தொழிற் சட்டத்தில், இழப்புக்கும் இழப்புக்கும் இடையிலான கோடு இலக்கமாகவே இருக்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்கள், எத்தனையாவது பிள்ளையானாலும் தனியார் துறைத் தாய்க்கு 84 நாள் விடுமுறை தந்தன. பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டால் அது 42 நாள். கருச்சிதைவுக்கு ஆறு வார விடுமுறையை இந்தியா 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நியூசிலாந்து 2021இல் தந்த மூன்று நாள் துக்க விடுமுறை துணைவருக்கும் உண்டு. இலங்கையின் 2018 திருத்தங்களில் தகப்பனுக்கு ஒரு நாளும் இல்லை.