நங்கூரமும் புலியும்

அலெக்சாண்டிரா சாலையில் ‘ஆங்கர்பாயிண்ட்’ கடைத்தொகுதியைப் பார்த்தால் எனக்குக் கப்பல் ஞாபகம்தான் வரும். அது உண்மையில் ஒரு பீரின் பெயர்.

ஃபிரேசர் அண்ட் நீவும் ஹைனகனும் 1931இல் கூட்டாக மலாயன் புருவரீஸைத் தொடங்கின. மறு வருஷமே டைகர் பீர் வந்தது. 1933இல் அதே சாலையில் ஜெர்மானியர்களின் ஆர்ச்சிப்பெலகோ ஆலை ஆங்கர் பீரோடு கடை விரித்தது. ஒரே ஊர், ஒரே வாடிக்கையாளர்கள். யாரும் அசந்து தூங்க முடியாது.

போட்டியை முடித்துவைத்தது ருசியோ விலையோ இல்லை, போர். ஆர்ச்சிப்பெலகோ எதிரிச் சொத்தானது. 1941இல் மலாயன் புருவரீஸே அதை வாங்கிப்போட்டது. ஆனால் ஆங்கரைக் கைவிடவில்லை. பக்கத்துக் கடைக்காரன் பழக்கிவைத்த வாடிக்கையாளர்களை யார்தான் விடுவார்கள்? 2006இல் ஆர்ச்சிப்பெலகோ என்ற பெயரையும் தூசி தட்டி கிராஃப்ட் பீருக்கு வைத்தார்கள். எதிராளி எட்டு வருஷத்தில் சம்பாதித்த பெயர்தான் அந்த வியாபாரத்தில் கடைசிவரை தேறிய சொத்து என்பது என் கணக்கு.