வீராணம் ஏரிக்கரை நடைப்பயணம்

வீராணம் ஏரிக்கரை நடைப்பயணம் என்பது கடலூர் மாவட்டத்திலுள்ள வீராணம் ஏரியின் கிழக்குக் கரையில் மேற்கொள்ளத்தக்க, ஒரு நாளில் முடியும் நடுத்தர நடைப்பயணமாகும். நெய்வேலி நகரியத்திலிருந்து வடலூர் வழியாக ஏரியின் வடபகுதியை அடுத்த சேத்தியாத்தோப்பை அடையலாம்.

ஏரி

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பட்ட இவ்வேரி, அவனது பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி எனப்பட்டது. கல்கியின் "பொன்னியின் செல்வன்" புதினம் இக்கரையில்தான் தொடங்குகிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குக் காவிரி நீர் வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் செல்கிறது.

திட்டமிடல்

கரையின் நீளம் சுமார் 14 கி.மீ. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் மூன்றரை மணி நேரமும், ஓய்வு சேர்த்து ஐந்து மணி நேரமும் ஆகும். ஏற்ற இறக்கம் இல்லாததால் எளிதாகத் தோன்றினும், வெயிலே இங்கு உண்மையான இடர். எனவே விடியலில் புறப்பட்டு, முற்பகல் 11 மணிக்குள் முடிப்பது நல்லது. ஒருவருக்கு 3 லிட்டர் குடிநீர் தேவை. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோர், பாதி நீர் தீருமுன் திரும்பவேண்டும்.

பருவம்

சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையின்போது உபரிநீர் திறக்கப்படலாம் என்பதால், கனமழை எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தைத் தவிர்க்கவேண்டும். மதகுகளின் அருகில் நீரில் இறங்குதல் ஆபத்தானது.