வேணுமா, விசுவாசமா?



போன வாரம் எங்கள் வீட்டு ஜெபத்தில் ஒரு சின்ன மனத்தாங்கல். எங்கள் குடும்பத்தில் ரெண்டு சபைக்காரர்களும் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் பேத்தி "கடவுளே" என்று ஆரம்பித்தாள். பெரியவர் ஒருவர் குறுக்கிட்டு, "தேவனே என்று சொல்லும்மா, கடவுள் என்பது மற்றவர்கள் சொல்வது" என்று திருத்தினார். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஜெபத்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவன், அந்த நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். எட்டயபுரத்திலிருந்து அந்தக் கடற்கரை ஒரு பஸ் தூரம். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். 1544-ல் தம்முடன் வேலைசெய்த மான்சிலாஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். விசுவாசப் பிரமாணத்தில் "வேணும்" என்று சொல்லிக்கொடுத்து வந்தோம், அதற்கு விரும்புகிறேன் என்றல்லவா பொருள், இனி விசுவாசம் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள் என்பது அதன் சாரம்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை நாளும் நம் பரதவ சனம் கடவுளை நம்புகிறேன் என்று சொல்லவில்லை, கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லியிருக்கிறது! இலக்கண வாத்தியாராக நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். ஆனால் கடலுக்குப் போய்த் திரும்புவது நிச்சயமில்லாத மனிதர்கள் வாயில் அது அவ்வளவு பெரிய பிழையாக எனக்குப் படவில்லை.

சவேரியாருக்கு இந்தத் தொல்லை ஜப்பானிலும் தொடர்ந்தது. 1549-ல் அங்கே போனவர் முதலில் இறைவனை "தைநிச்சி" என்றார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. எதற்கு வம்பு என்று லத்தீன் சொல்லான "தேயுஸ்" என்பதையே வைத்தார். அது ஜப்பானியர் காதில் "பெரும் பொய்" என்பதுபோல் விழ, எதிராளிகளுக்குக் கொண்டாட்டம்.

இங்கே அடுத்து வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட புத்தகத்தின் பெயர் "தம்பிரான் வணக்கம்". இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் அது; பதினாறே பக்கம். தம்பிரான் யார்? இன்றைக்கும் சைவ மடத்துத் துறவிகளுக்கு அந்தப் பெயர். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற நோபிலி "சர்வேசுரன்" என்றார். அதற்குள் ஈசுவரன் இருக்கிறார். லுத்தரன் சபை ஃபப்ரிசியஸ் வேதாகமத்தில் "பராபரன்". தாயுமானவரின் பராபரக் கண்ணியை வகுப்பில் படித்தீர்களே, அதே சொல்தான். நம் பெரியவர் பிடித்துக்கொண்ட "தேவன்" 1871-ல் பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பால் நிலைபெற்றது. தேவாதி தேவர்களெல்லாம் அதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே இருந்தார்கள். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "கடவுள்" என்றது. இதில் எது மற்றவர்கள் சொல்லாதது?

கோவில்பட்டி தாண்டி காமநாயக்கன்பட்டிக்குப் போனவர்களுக்குப் பரலோக மாதா கோயில் தெரியும், ஆகஸ்ட் 15 திருவிழாவும் தெரியும். இத்தாலியில் 1680-ல் பிறந்த வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்கு வந்த ஆரம்ப வருஷங்களில் வேலைசெய்த ஊர் அது. இந்தக் கரிசல் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷம். தேம்பாவணியில் 3,615 பாட்டு. யோசேப்பு அதில் "வளன்", யோவான் "கருணையன்". எபிரேயப் பெயரின் பொருளைத் தேடி அதற்குத் தமிழ் கொடுத்தார். எகர ஏகார எழுத்தையே திருத்தியவருக்கு இது பெரிய காரியமில்லை. மனிதர்களுக்கு அப்படிப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடிந்தது. இறைவன் என்று வந்தால் அவராலும் ஒரு சொல்லோடு நிற்க முடியவில்லை. அகராதி எழுதியவருக்குச் சொல் பஞ்சமா? இல்லை. ஒரு சொல்லுக்குள் அடங்குகிற பொருள் அதுவல்ல.

வேதத்திலேயே மோசே எரியும் புதருக்கு முன்னால் நின்று பெயரைத்தானே கேட்டான்? கிடைத்த பதில் பெயர் மாதிரியே இல்லை. இருக்கிறவர் என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. யூதர்கள் அந்தப் பெயரை இன்றுவரை வாயால் உச்சரிப்பதில்லை. புரிந்துவிட்டது என்று நீ நினைத்தால் அது கடவுள் இல்லை என்கிற கருத்தில் அகஸ்தீனார் பிரசங்கம் செய்தது ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால். கட, உள் என்று பிரித்து, கடந்தும் நிற்பவர், உள்ளேயும் இருப்பவர் என்று நான் வகுப்பில் சொன்ன விளக்கம் ஞாபகம் இருக்கிறதா? சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் அந்த விளக்கத்தை விட எனக்கு மனசில்லை.

என் ஆச்சி சாகிற வரைக்கும் "சருவேசுரா" என்றுதான் கூப்பிட்டாள். ர் என்று சொல்ல வராது. நேற்று பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த "வேணும்" கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நானும் வேணும்னே சொல்லவா தாத்தா?" என்றாள்.

சொல்லு என்று சொல்லியிருக்கிறேன். பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.