இணையம் துண்டாகிறதா? முதலில் எந்தத் துண்டு என்று கேளுங்கள்

ஷங்ஹாய் போன நண்பர் இன்ஸ்டகிராம் திறக்கவில்லை என்கிறார். இணையம் துண்டாகிவிட்டதா?

இல்லை. அது தடை. முகவரி அப்படியே இருக்கிறது, போகும் வழியைத்தான் அடைத்திருக்கிறார்கள். வி.பி.என் போட்டுப் பலர் உள்ளே போவதும் அதனால்தான்.

2024 செப்டம்பரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் நாடுகள் ஏற்றுக்கொண்ட உலக மின்னிலக்க உடன்பாடு, இணையம் துண்டாகும் அபாயத்தைத் தடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 'துண்டாவது' என்றால் ஆளுக்கு ஓர் அர்த்தம். செயலித் தடையையும் அப்படித்தான் சொல்கிறார்கள், தரவை உள்நாட்டிலேயே வைக்கச் சொல்லும் சட்டத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது அடித்தளத்தில் இருக்கிறது: முகவரிப் பட்டியல். '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் 2011இலிருந்து உண்டு, தெரியுமா? அப்படி ஒன்றை லண்டனில் தட்டினாலும் ஈப்போவில் தட்டினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். காரணம், உலகத்துக்கே ஒரே பட்டியல். போட்டிக்கு இன்னொரு பட்டியல் வந்தால் ஒரே முகவரி இரண்டு இடங்களுக்குப் போகலாம்.

பட்டியலைக் கவனிப்பது கலிஃபோர்னியாவில் உள்ள ஐகேன் அமைப்பு. 2022இல் போர் தொடங்கிய சில நாளிலேயே, '.ஆர்யூ' உள்ளிட்ட ரஷ்ய முகவரிகளை நீக்கும்படி உக்ரேன் அதனிடம் கேட்டது. ஐகேன் மறுத்தது. ஒருவருக்காக நீக்கினால் அடுத்தவரும் கேட்பார் இல்லையா? ரஷ்யாவோ, தேவைப்பட்டால் தனியாக இயங்க வழிசெய்யும் சட்டத்தை 2019லேயே போட்டுவிட்டது.

சரி, இதையெல்லாம் யார் முடிவு செய்வது? இங்கேதான் சொல் விளையாட்டு. 'மல்ட்டிலேட்டரல்' என்றால் மேசையில் அரசாங்கங்கள் மட்டும். 'மல்ட்டிஸ்டேக்ஹோல்டர்' என்றால் பொறியாளர்கள், நிறுவனங்கள், பயனீட்டாளர் அமைப்புகளுக்கும் நாற்காலி உண்டு. தமிழில் இரண்டையுமே 'பலதரப்பு' என்று எழுதிவிட்டுப் போகலாம். வித்தியாசம் காணாமல் போய்விடும்.

2012இல் துபாயில் தொலைத்தொடர்பு ஒப்பந்தத்தைத் திருத்தியபோது இந்த மோதல் வெடித்தது. இணைய நிர்வாகத்தில் எல்லா அரசாங்கங்களுக்கும் சம பங்கு வேண்டும் என்றது உடன் வந்த ஒரு தீர்மானம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது; அப்போது ஐகேன் அந்தப் பட்டியல் வேலையை அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்பந்தத்தின்கீழ்தான் செய்துவந்தது. 89 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகள் மறுத்தன. அமெரிக்க அரசாங்கம் அந்தப் பிடியை விட்டது 2016இல்தான்.